தேசியமொழி என்னும் செய்பொருள்: யப்பானை முன்வைத்துச் சில குறிப்புகள்

புலம்பெயர்ந்த எமது கூட்டங்களிலும் ஆண்டு மலர்களிலும் யப்பான் அடிக்கடி வந்துபோகும் ஒரு பெயர். இரண்டு காரணங்களுக்காக அது அங்கு அழைத்து வரப்படுகின்றது. முதலாவது, சுசுமு ஓனோ. பழைய யப்பானிய மொழியில் பெரும் புலமை கொண்டிருந்த ஓனோ (1919–2008), யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று 1980கள் தொடங்கி எழுதி வந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அந்த ஆய்வில் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். நெற்செய்கையும் உலோகமும் நெசவும் தமிழ் பேசியவர்களோடு யப்பானுக்குச் சென்றன என்பது அவரது வாதம். ஒப்பியல் மொழியியலாளர்களிற் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் எமது மேடைகளில் அது முடிந்த முடிபு.

இரண்டாவது காரணம், தாய்மொழிக் கல்வி. 'யப்பான்காரனைப் பாருங்கள், தன் மொழியிலேயே படித்து முன்னேறினான். ஒரு நாடு, ஒரு மொழி, ஒரு மக்கள்' என்று பேச்சாளர் சொல்வார். கைதட்டு விழும்.

ஓனோவின் கொள்கையைத் தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமல்ல. எமது கரிசனை வேறு. இவ்விரண்டு பேச்சுக்களும் யப்பானிய மொழி என்ற ஒன்று ஆதிமுதல் அப்படியே இருந்தது என்று எடுத்துக்கொள்கின்றன. ஒன்று அதன் வேரைத் தேடுகின்றது. மற்றது அதன் கனியைப் புகழ்கின்றது. இடையில் அந்த மரம் எப்படி வெட்டி, ஒட்டி, கட்டி நிமிர்த்தப்பட்டது என்ற கதை விடுபட்டுப் போகின்றது. அந்தக் கதை எமக்கு மிக முக்கியமானது. ஏனெனில் ஒரு மொழிச் சட்டத்தின் அடியிலிருந்து வந்தவர்கள் நாம். இன்னொரு நாட்டின் மொழிப் பரீட்சையின் முன்னால் நின்றுகொண்டிருப்பவர்களும் நாமே.

1

இந்தக் கதையைத் தெளிவாகச் சொல்லும் நூல் லீ யொன்சுக் எழுதியது. கொரியாவிற் பிறந்து, யப்பானுக்குப் படிக்கச் சென்று, அங்கேயே பேராசிரியையானவர் அவர். 'கொக்குகோ' என்ற கருத்தியலைப் பற்றிய அவரது நூல் 1996இல் யப்பானிய மொழியிலும், 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் வெளிவந்தது. கொக்குகோ என்றால் நாட்டின் மொழி, தேசியமொழி. யப்பானியப் பாடசாலைகளில் யப்பானியப் பிள்ளைகள் படிக்கும் மொழிப் பாடத்தின் பெயர் இன்றும் அதுதான். அதே மொழியை வெளிநாட்டவர் படிக்கும்போது அதற்குப் பெயர் 'நிகொங்கோ', அதாவது யப்பானிய மொழி. ஒரே மொழிக்கு இரண்டு பெயர்கள்: ஒன்று வீட்டுக்காரருக்கு, மற்றது வாசலில் நிற்பவருக்கு. இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையிலுள்ள வெளியிலிருந்தே லீயின் விசாரணை தொடங்குகின்றது.

1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபோது யப்பானில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிற்றரசுகள் இருந்தன. அவை 1871இலேயே ஒழிக்கப்பட்டன. தெற்கே சத்சுமாவில் பேசியது வடகிழக்கிலுள்ளவருக்கு விளங்காது. எழுத்திலோ நிலைமை இன்னும் சிக்கல். சீனச் செவ்வியல் நடை, அரச ஆவண நடை, கடித நடை என்று பலவகை. எதுவும் எவரும் வாயாற் பேசுவதைப் போல் இல்லை. 1866இலேயே மயெஜிமா ஹிசோகா என்பவர், சீன எழுத்துக்களைக் கைவிடவேண்டும் என்று ஷோகுனுக்கு மனுக் கொடுத்திருந்தார். சாதாரண மக்களுக்குக் கல்வி எட்டவேண்டும் என்பது அவர் கூறிய காரணம்.

இந்தச் சூழலிற்தான் மோரி அரினோரியின் பெயர் வருகின்றது. வாஷிங்டனில் யப்பானிய இராசதந்திரியாக இருந்த மோரி, 1872இல் அமெரிக்க மொழியியலாளர் விட்னிக்கு ஒரு கடிதம் எழுதினார். 1873இல் ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். யப்பானின் மொழி நவீன உலகத்துக்குப் போதாது, ஆங்கிலத்தை ஏற்கவேண்டும் என்பது அவர் கருத்து. சொந்த மொழியைக் கைவிடவேண்டாம் என்று விட்னியே அவருக்குப் புத்தி சொன்னார். பிற்காலத்தில் மோரி மொழித்துரோகி என்று ஏசப்பட்டார். லீ இந்த ஏச்சைத் தள்ளிவைத்துவிட்டு மோரியை மறுபடி வாசிக்கின்றார். மோரி கண்டது ஒரு வெறுமையை: ஒரு நாட்டு மக்கள் எல்லோரும் 'எமது மொழி' என்று சுட்டக்கூடிய ஒன்று அன்று யப்பானில் இல்லை என்பதை.

மோரிக்கு மறுப்பு இலண்டனிலிருந்து வந்தது. அங்கு சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்துமூன்று வயது இளைஞன் பாபா தட்சுயி, 1873இல் யப்பானிய மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதி அச்சிட்டான். யப்பானிய மொழிக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு என்று காட்டுவது அதன் வேலை. ஆனால் அதன் முன்னுரையிலுள்ள வாதமே எமக்கு முக்கியம். ஆங்கிலம் ஆட்சிமொழியானால் என்ன நடக்கும்? வேலைவெட்டியிலிருந்து ஓய்வுள்ள செல்வந்தர் அதைப் படிப்பர். நாளாந்தம் உழைத்துச் சாப்பிடுகின்றவனுக்கு அதைப் படிக்க நேரமிராது. நாட்டின் காரியங்கள் அவனுக்கு விளங்காத மொழியில் நடக்கும். மேலே ஒரு சாதி, கீழே ஒரு சாதி என்று மொழி நாட்டைப் பிளந்துவிடும்.

இதை வாசிக்கும்போது எமக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. பத்து மணித்தியாலம் குசினியில் நின்று கோப்பை கழுவிவிட்டு மொழி வகுப்புக்குப் போய்க் கண்ணயர்கின்றவர்கள் நாம். பாபா மொழியின் பெருமையைப் பேசவில்லை. அதன் தொன்மையையும் பேசவில்லை. யார் வெளியே நிறுத்தப்படுவார்கள் என்ற ஒரு கேள்வியை மாத்திரம் கேட்டான். இதில் ஒரு முரணும் உண்டு. யப்பானிய மொழிக்காக வாதாடிய அந்த நூலை அவன் ஆங்கிலத்திலேயே எழுதினான். நாட்குறிப்புகளையும் ஆங்கிலத்தில் வைத்திருந்தான். பின்னர் நாடு திரும்பி மக்களுரிமை இயக்கத்திற் சேர்ந்து, கைதாகி, விடுதலையாகி, அமெரிக்கா சென்று, 1888இல் பிலடெல்பியாவில் காசநோயால் இறந்தான். மோரியோ கல்வி அமைச்சராகி, 1889 பெப்ரவரி 11இல், அரசியல் யாப்பு வெளியிடப்பட்ட அன்றே, தேசியவாதி ஒருவனாற் குத்தப்பட்டு மறுநாள் மாண்டார்.

2

மோரி தோற்றார். ஆனால் பாபா வெல்லவில்லை. வென்றவர் உவெடா கசுதோசி. யேர்மனியில் மொழியியல் படித்து 1894இல் திரும்பியவர். அவ்வாண்டு சீனாவுடன் போர் மூண்டது. ஒக்ரோபரில், போர் வெற்றிகளின் ஆரவாரத்துக்கு நடுவே, உவெடா 'தேசியமொழியும் அரசும்' என்ற பொருளில் ஓர் உரை நிகழ்த்தினார். மொழி அதைப் பேசும் மக்களின் ஆன்மீகக் குருதி என்பது அவ்வுரையின் மையம். யப்பானியர் என்ற உடலில் ஓடுகின்ற இரத்தம் யப்பானிய மொழி, அதுவே அரசைத் தாங்குகின்றது, அது தாய்.

பாபாவின் கேள்வியையும் உவெடாவின் உவமையையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இருவரும் ஒரே மொழியின் பக்கம் நின்றவர்கள். ஒருவருக்கு மொழி ஒரு கதவு. திறந்திருக்கின்றதா பூட்டியிருக்கின்றதா என்பதே விடயம். மற்றவருக்கு மொழி இரத்தம். கதவைப் பற்றி வாதிக்கலாம், திருத்தலாம், அகலமாக்கலாம். இரத்தத்தைப் பற்றி வாதிக்க முடியாது. அது இருக்கின்றது, அல்லது இல்லை.

இரத்தம் என்று சொன்ன அதே உவெடா, அடுத்த ஆண்டே 'நியம மொழி' ஒன்றை உருவாக்கவேண்டும் என்று எழுதினார் என்பது வேடிக்கை. ஏற்கெனவே எல்லோர் உடலிலும் ஓடுகின்ற இரத்தத்தை ஏன் ஆணைக்குழு வைத்துத் தயாரிக்க வேண்டும்? ரோக்கியோவின் படித்த மக்களின் பேச்சு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. 1900இல் ஆரம்பப் பாடசாலைகளில் வாசிப்பு, எழுத்து, கட்டுரை என்று தனித்தனியே இருந்தவை 'கொக்குகோ' என்ற ஒரே பாடமாக ஒன்றிணைக்கப்பட்டன. 1902இல் தேசியமொழி ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. 1904 முதல் அரச பாடநூல்கள் நாடெங்கும் ஒரே மொழியில் ஓதப்பட்டன. 1925இல் வானொலியும் வந்து சேர்ந்தது.

இதற்கு முன்பே இலக்கியவாதிகள் வேறொரு வழியால் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். பேச்சையும் எழுத்தையும் ஒன்றாக்கும் முயற்சி அது. கதைசொல்லி சன்யூதெய் என்சோவின் பேய்க்கதை 1884இல் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு அச்சானது. வாயாற் சொன்னது அப்படியே தாளில் ஏறலாம் என்று அது காட்டியது. புத்தபதெய் ஷிமெய் 1887–1889இல் எழுதிய 'உகிகுமோ' நாவல் அவ்வழியில் நடந்தது. தேசம் என்பது அச்சு ஊடகத்தின் வழியே கற்பனை செய்யப்பட்ட சமூகம் என்று பெனடிக்ற் அண்டர்சன் 1983இல் எழுதினார். யப்பானில் அந்தக் கற்பனைக்கு அச்சகம் மட்டும் போதவில்லை. வகுப்பறை, இராணுவம், போர் மூன்றும் தேவைப்பட்டன.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த ஒரே மொழியால் ஏழை விவசாயியின் பிள்ளை பத்திரிகை வாசித்தது, கடிதம் எழுதியது, நாவல் வாசித்தது, தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரமும் வாசித்தது. அதை மறுப்பவன் பொய்யன். பொதுமொழி ஒன்று தேவையா இல்லையா என்பதல்ல எமது விவாதம். அந்தப் பொதுமொழி இரத்தமாக உரிமை கொண்டாடப்பட்டபோது, இரத்தம் வேறானவர்களுக்கு என்ன நடந்தது என்பதே.

3

ஒகினாவா 1879 வரை ரியூக்யூ என்னும் தனி அரசாக இருந்தது. யப்பான் அதை இணைத்துக்கொண்ட மறுவருடமே, ஒகினாவா மொழியையும் ரோக்கியோ மொழியையும் அருகருகே வைத்த உரையாடல் நூல் ஒன்று பாடசாலைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'வட்டாரவழக்கு மட்டை' வந்தது. வீட்டு மொழியில் வாய்தவறிப் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகை தொங்கவிடப்படும். இன்னொரு பிள்ளை தவறிப் பேசுவதைப் பிடித்துக்கொடுத்தாற்தான் அந்தப் பலகை தன் கழுத்திலிருந்து இறங்கும். பிரான்சின் பிரெத்தோன் பிள்ளைகளுக்கும் வேல்ஸ் பிள்ளைகளுக்கும் இதே வகைத் தண்டனை இருந்தது. தேசியமொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று இலக்கணத்தைக் கற்கவில்லை. தண்டனையில் மாத்திரம் ஒரே பள்ளியில் படித்தவை போல இருக்கின்றன.

1940இல் கைவினைக் கலைகளின் அறிஞரான யனகி முனெயொசி ஒகினாவாவுக்கு வந்து, இந்த அளவுமீறிய நியமமொழிப் பிரசாரத்தைக் கண்டித்தார். மாகாண நிர்வாகம் அவரை மறுத்தது. உள்ளூரிலும் பலர் நிர்வாகத்தின் பக்கமே நின்றார்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலைக்குப் போன ஒகினாவா மக்கள் பேச்சினால் இழிவுபட்டார்கள், அந்த இழிவிலிருந்து பிள்ளைகளைக் காக்கவேண்டும் என்றார்கள். பலகையைத் தொங்கவிட்ட ஆசிரியர்கள் பலர் ஒகினாவாக்காரரே. அமெரிக்க ஆட்சியின் கீழ், யப்பானோடு மீண்டும் இணையவேண்டும் என்று போராடிய காலத்திலும், அதாவது 1960கள் வரையிலும், சில பாடசாலைகளில் அந்தப் பலகை தொங்கியது. ஒடுக்குமுறை எப்போதும் அந்நியனின் முகத்தோடு வருவதில்லை. அன்பான ஆசிரியரின் முகத்தோடும் வரும்.

1945 ஏப்ரலில், ஒகினாவாச் சமர் நடக்கும்போது, யப்பானிய இராணுவம் ஓர் ஆணை பிறப்பித்தது: ஒகினாவா மொழியிற் பேசுபவர்கள் ஒற்றர்களாகக் கருதித் தண்டிக்கப்படுவர். மொழி இரத்தம் என்ற உவமை ஐம்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் இது.

அதற்கும் முன்பே ஒரு மொழிப் பரீட்சை நடந்திருந்தது. 1923 செப்ரெம்பர் 1இல் ரோக்கியோவைப் பூகம்பம் அழித்தது. கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர் என்ற வதந்தி பரவியது. காவற்கும்பல்கள் வீதியில் ஆட்களை மறித்து, 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்று யப்பானிய மொழியிற் சொல்லச் சொன்னார்கள். கொரிய நாவுக்கு அந்த ஒலிகள் இடறும். இடறியவர் கொல்லப்பட்டார். சீபா மாகாணத்தின் புக்குடா கிராமத்தில் ககாவாவிலிருந்து வந்த மருந்து வியாபாரிகள் ஒன்பதுபேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொரியரல்லர். அவர்களின் ஊர்ப்பேச்சு அந்நியமாகக் கேட்டது, அவ்வளவுதான். 1958இலும் 1983இலும் எம்மவரை மறித்து, வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

அயினு மக்களை 1899ஆம் ஆண்டுச் சட்டம் 'முன்னாள் பூர்வகுடிகள்' என்று பெயரிட்டது. அந்தச் சட்டம் 1997 வரை உயிரோடிருந்தது. சிரி யுகியே என்ற அயினுப் பெண் தன் பாட்டி வழிவந்த பாடல்களை எழுதி, யப்பானிய மொழியிற் பெயர்த்து வைத்துவிட்டு 1922இல் பத்தொன்பது வயதில் இறந்தாள். நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1994இல் பாராளுமன்றம் புகுந்த முதல் அயினுக்காரர் கயானோ சிகெரு அங்கே தன் மொழியிற் பேசினார். 2009இல் யுனெஸ்கோ யப்பானில் அழியும் ஆபத்திலுள்ள மொழிகளாக எட்டைப் பட்டியலிட்டது. 'ஒரு நாடு, ஒரு மொழி' என்ற எமது மேடைப் பேச்சுக்கு அந்தப் பட்டியலே பதில்.

கொரியாவில் 1910இன் பின் 'தேசியமொழி' என்றால் யப்பானிய மொழி. 1938இல் பாடசாலைகளில் கொரிய மொழி விருப்பப் பாடமாயிற்று. 1940இல் பெயர்களையே யப்பானிய முறைக்கு மாற்றச் சொன்னார்கள். 1942இல் அகராதி தொகுத்த கொரிய மொழிச் சங்கத்தினர் கைதானார்கள். இருவர் சிறையில் மாண்டார்கள். பறிமுதலான கையெழுத்துப் பிரதி 1945இல் சியோல் புகையிரத நிலையக் களஞ்சியத்திற் கிடைத்தது. 1947இல் முதற்தொகுதி அச்சாயிற்று. சியோலில் பேராசிரியராக இருந்த தொக்கியெடா மொத்தொகி என்னும் மொழியியலாளர், கொரியர் தம் மொழியைத் துறந்து யப்பானிய மொழியையே தாய்மொழியாக்கவேண்டும் என்று வாதித்தார். தாய்மொழி இரத்தம் என்ற கோட்பாட்டில் வளர்ந்தவர்கள், இன்னொருவருக்குப் புது இரத்தம் ஏற்றலாம் என்று நம்பினார்கள்.

4

லீயின் நூலில் எமக்கு ஒரு குறை உண்டு. அது பெரும்பாலும் அமைச்சர்களையும் அறிஞர்களையும் பின்தொடர்கின்றது. கழுத்திற் பலகை தொங்கிய பிள்ளை என்ன நினைத்தது என்பது அதில் அதிகம் இல்லை. அதற்கு நாம் இலக்கியத்திடம் போகவேண்டும். யப்பானிற் பிறந்த கொரியப் பெண் யீ யங்ஜி எழுதிய 'யூஹி' 1989இல் அக்குத்தகவா பரிசு பெற்றது. யூஹி யப்பானிற் பிறந்தவள். தன் மொழியைத் தேடிச் சியோலுக்குப் படிக்கப் போகின்றாள். தாங்கமுடியாமல் படிப்பைவிட்டுத் திரும்பிவிடுகின்றாள். போகும்போது யப்பானிய மொழியில் எழுதிய ஒரு கட்டுத் தாளை விட்டுப் போகின்றாள். அவள் தங்கியிருந்த வீட்டுக் கொரியப் பெண்ணுக்கு அதை வாசிக்கத் தெரியாது. கதையைச் சொல்பவள் அந்தப் பெண்தான். காலையில் விழித்தெழும்போது வாயில் வரும் முதல் ஒலி எந்த மொழியின் ஒலி என்பதே யூஹிக்குத் தெரிவதில்லை.

யூஹியை இனத்துரோகி என்று யாரும் சொல்லலாம். யீ யங்ஜி அப்படிச் சொல்லவில்லை, அவளுக்காக அழவும் இல்லை. தாய்மொழி என்ற சொல் எங்கே உடைகின்றது என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றார். அவர் 1992இல் முப்பத்தேழு வயதில் இறந்துபோனார். எமது பிள்ளைகளைப் பற்றி எமது மொழியில் இப்படி ஒரு கதை இன்னும் அதிகம் எழுதப்படவில்லை. ஊருக்குப் போய் உறவினரின் சிரிப்புக்கு ஆளாகித் திரும்பும் எத்தனை யூஹிகள் எமது வீடுகளில் இருக்கின்றார்கள்!

5

1945இன் பின் நடந்தவையும் படிப்பினைக்குரியவை. 1946இல் நாவலாசிரியர் சிகா நவோயா, பிரெஞ்சு மொழி அறியாதவராக இருந்தும், பிரெஞ்சைத் தேசியமொழியாக்கலாம் என்று எழுதினார். தோல்வியின் வெறுப்பில் இரத்தத்தையே மாற்றிவிடலாம் என்ற ஆசை. கொரியா விடுதலை பெற்றது. பாடசாலையில் கொரிய மொழிக்கு வைத்த பெயர் அதே 'தேசியமொழி'. சொல் அப்படியே இருந்தது, உள்ளே இருந்த மொழி மாத்திரம் மாறியது. தாய்வானில் யப்பானியர் போய்க் கோமிந்தாங் வந்தது. சீனப் பொதுமொழி தேசியமொழியாயிற்று. தாய்வான் மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்தில் மறுபடியும் அட்டை தொங்கியது. ஒரு கழுத்திலிருந்து கழற்றியதை இன்னொரு கழுத்திற் போடுவதற்குப் பெயர் விடுதலை அல்ல. பல்லாண்டுகளின் பின், 2019இல், தாய்வான் தன் மக்கட்குழுக்களின் மொழிகள் அனைத்தையும் தேசியமொழிகள் என்று சட்டமாக்கியது. தேசியமொழி என்ற சொல் பன்மையிலும் வரலாம் என்று அங்கே ஒரு சட்டம் சொல்லியிருக்கின்றது.

நாம் இதை எமக்குச் சொல்லிக்கொள்ளக் காரணம் உண்டு. 1956இல் ஒரு மொழியைச் சட்டமாக்கி, அதைப் பேசாதவர்களை வாசலில் நிறுத்தியதை நாம் எதிர்த்தோம். எதிர்த்தபோது கேட்டது பாபாவின் கேள்வி: அலுவலகத்தில் எங்கள் தாய் எந்த மொழியில் விண்ணப்பம் எழுதுவாள்? அது நியாயமான கேள்வி, இன்றும் நியாயமானது. ஆனால் காலப்போக்கில் எமது மேடைகளில் உவெடாவின் பதிலே ஓங்கி ஒலிக்கின்றது. மொழி உயிர், மொழி இரத்தம், மொழி தாய். அந்தத் தாய் எந்த ஊர்த் தமிழ் பேசுகின்றாள் என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் மலையகத்துப் பிள்ளையின் பேச்சும், மட்டக்களப்புப் பிள்ளையின் பேச்சும், முஸ்லிம் வீட்டுச் சொற்களும் சிவப்பு மையால் வெட்டப்படுகின்றன. பலகை தொங்கவில்லை, உண்மை. சிவப்பு மை இருக்கின்றது.

யப்பானை முன்னுதாரணமாகக் காட்டுகின்றவர்கள் காட்டட்டும். ஆனால் முழுவதையும் காட்டவேண்டும். நெற்கதிரைப் பற்றி ஓனோ சொன்னதோடு, பதினைந்து யென் ஐம்பது சென்னையும் சொல்லவேண்டும். விஞ்ஞானப் பாடநூலோடு மரப்பலகையையும் காட்டவேண்டும். எமது பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத்தான் போகின்றோம், அதில் இரண்டு கருத்தில்லை. எந்தத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது, யாரை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வியைப் பிலடெல்பியாவில் மாண்ட அந்த இளைஞன் கேட்டு நூற்றைம்பது வருடம் கடந்துவிட்டது. எமது பாடசாலை நிர்வாகக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் அது இன்னும் ஏறவில்லை. அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கலாம்.